அமெரிக்காவில் பண்ணை நிலம் வாங்கியிருக்கிறீர்களா? கவுன்ட்டி அலுவலகத்தில் பயிர் மானியம் பெறப் படிப்படியான வழிகாட்டி

அயோவாவிலோ டெக்சாஸிலோ கொஞ்சம் பண்ணை நிலம் வாங்கிப் போட்டவர்கள், பத்திரம் கைக்கு வந்ததும் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: "இந்த நிலத்துக்கு கவர்மென்ட் பணம் வருமாமே, அதை எப்படி வாங்குவது?" சில நிலங்களுக்கு வரும், சிலவற்றுக்கு வராது. வரக்கூடிய நிலமாக இருந்தாலும் யாரும் தேடிவந்து தரமாட்டார்கள். ஒரு படிவம் குறைந்தால் அந்த ஆண்டுப் பணம் போயே போய்விடும். அமெரிக்க வேளாண் துறை தன் படிவங்களையும் கையேடுகளையும் பரம்பரை விவசாயிகளை மனதில் வைத்தே எழுதியிருப்பதால், புதிதாக உள்ளே வருபவருக்கு எது முதல், எது பிறகு என்பதே பிடிபடாது. அந்தக் குறையைப் போக்கத்தான் இந்தக் கட்டுரை.

இங்கே பேசப்போவது ஏஆர்சி, பிஎல்சி என்ற இரண்டு திட்டங்களைப் பற்றி. வருவாய் விழுந்தால் தருவது ஏஆர்சி, விலை விழுந்தால் தருவது பிஎல்சி. மக்காச்சோளம், சோயா, கோதுமை, நெல், நிலக்கடலை, பருத்தி, வெள்ளைச்சோளம், சூரியகாந்தி, எள், கொண்டைக்கடலை, மைசூர்ப்பருப்பு போன்ற பயிர்களுக்கு இவை பொருந்தும். வைக்கோல் புல், பழம், காய்கறி இந்தப் பட்டியலில் கிடையாது. பணம் தருவது வேளாண் துறையின் கீழுள்ள பண்ணைச் சேவை முகமை. எல்லோரும் எஃப்எஸ்ஏ என்றுதான் சொல்வார்கள். விவசாயம் உள்ள கவுன்ட்டிகளில் பெரும்பாலும் அதற்கு ஒரு அலுவலகம் இருக்கும், சில இடங்களில் இரண்டு கவுன்ட்டிக்குச் சேர்த்து ஒன்று. பயிர்க் காப்பீடு வேறு சங்கதி. அது தனியார் ஏஜென்ட் மூலம் போகிறது. இரண்டையும் ஒன்றென்று நினைத்து ஏஜென்டிடம் கையெழுத்துப் போட்டுவிட்டு, எஃப்எஸ்ஏ பக்கமே போகாமல் இருந்துவிடுபவர்கள் உண்டு.

1. நிலம் வாங்கும் முன்பே 156இஇசட் தாளைக் கேளுங்கள்

மானியம் நீங்கள் இந்த ஆண்டு என்ன விதைத்தீர்கள் என்பதற்கு வருவதில்லை. அந்த நிலத்தின் பெயரில் பழைய சாகுபடி வரலாற்றை வைத்துப் பதிவாகியிருக்கும் "பேஸ் ஏக்கர்" என்ற கணக்குக்குத்தான் வருகிறது. மக்காச்சோள பேஸ் உள்ள நிலத்தில் நீங்கள் சோயா போட்டாலும் மானியம் மக்காச்சோளக் கணக்கில்தான் வரும். பேஸ் இல்லாத நிலத்தில் பொன்னே விளைந்தாலும் ஏஆர்சியும் இல்லை, பிஎல்சியும் இல்லை.

இந்த விவரம் முழுவதும் எஃப்எஸ்ஏ-156இஇசட் என்ற தாளில் இருக்கும். நம்மூர்ச் சிட்டாவையும் அடங்கலையும் ஒரே தாளில் அச்சடித்தது மாதிரி: பண்ணை எண், டிராக்ட் எண், மொத்த ஏக்கர், பயிர்நில ஏக்கர், பயிர்வாரியாக பேஸ், பிஎல்சி மகசூல் (பிஎல்சி கணக்குக்காகப் பதிவாகியிருக்கும் ஏக்கர் மகசூல்), மண் அரிப்பு நிலமா, ஈரநிலம் உள்ளதா என்ற குறிப்பு எல்லாம் அதில் உண்டு. நிலம் உங்கள் பெயருக்கு வரும்வரை அலுவலகம் அதை உங்களிடம் நேராகத் தராது. தகவல் காப்புச் சட்டம் அப்படி. அதனால் விற்பவரையே வாங்கித் தரச் சொல்லுங்கள். "அதெல்லாம் இருக்கு, பிறகு பார்த்துக்கலாம்" என்று ரியல் எஸ்டேட் தரகர் சொல்வதை ஏற்க வேண்டாம். விற்பவர் எழுந்து போய்க் கேட்டால் கிடைக்கிற காகிதம் அது, செலவும் இல்லை.

தாளைக் கையில் வாங்கியதும் பார்க்க வேண்டியவை:

முழுப் பண்ணையையும் வாங்குகிறீர்களா, ஒரு துண்டை மட்டுமா? துண்டாக வாங்கினால் எஃப்எஸ்ஏ பண்ணையைப் பிரித்து எழுத வேண்டும். விற்பவரும் நீங்களும் வேறு மாதிரி எழுத்தில் ஒப்புக்கொள்ளாவிட்டால் பொதுவாகப் பயிர்நில விகிதப்படி பேஸ் பிரியும். 200 ஏக்கர் பயிர்நிலத்தில் 150 பேஸ் இருக்கிறது, அதில் 40 ஏக்கர் வாங்குகிறீர்கள் என்றால் உங்களுக்கு 30 பேஸ். எவ்வளவு பேஸ் யாருக்கு என்பதை விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். பத்திரம் பதிவான பிறகு விற்றவரைத் தேடிப்பிடித்துக் கையெழுத்து வாங்குவது பெரும் பாடு. பிரித்து எழுத வேண்டும் என்ற விண்ணப்பம் ஆகஸ்ட் 1க்குள் போனால்தான் அந்த ஆண்டுக் கணக்கில் சேரும்.

பேஸ் மொத்தம் 10 ஏக்கரோ அதற்குக் குறைவோ என்றால் பணம் கிடையாது. உங்களுக்குப் பங்குள்ள எல்லாப் பண்ணைகளையும் சேர்த்துத்தான் இந்தப் 10. புதிய விவசாயி, குறைந்த வருவாய் விவசாயி, முன்னாள் படைவீரர் ஆகியோருக்கு விலக்கு உண்டு. அதற்கு சிசிசி-860 படிவம் கொடுக்க வேண்டும். புதிய விவசாயி என்றால் பண்ணை நடத்தி 10 ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது, அதோடு விவசாயத்தில் உண்மையாகவே ஈடுபட்டிருக்க வேண்டும். சியாட்டிலில் உட்கார்ந்துகொண்டு நெப்ராஸ்கா நிலத்துக்கு வாடகை மட்டும் வாங்குபவர் அதில் சேரமாட்டார்.

நிலம் நெடுங்காலம் மேய்ச்சல் புல்லாகக் கிடந்ததா? 2009 முதல் 2017 வரை பண்ணை முழுதும் புல்லாகவே இருந்திருந்தால், காகிதத்தில் பேஸ் இருந்தும் பணம் வராது என்ற விதியை 2018 பண்ணைச் சட்டம் கொண்டுவந்தது. புல்வெளி வாங்குபவர்கள் இதைத் தனியாகவே கேளுங்கள். மறுபக்கம், 2025 ஜூலையில் வந்த சட்டம் நாடு முழுவதும் 3 கோடி ஏக்கர் வரை புதிய பேஸ் சேர்க்க வழி செய்தது. 2019 முதல் 2023 வரையிலான விதைப்பை வைத்து அந்தக் கணக்கு. உங்கள் பண்ணைக்கு அதில் ஏதும் சேர்ந்ததா என்றும் கேட்டுவையுங்கள்.

அரசிடம் பணம் வாங்கிக்கொண்டு நிலத்தைப் பயிரிடாமல் விடும் சிஆர்பி என்ற தரிசு ஒப்பந்தத்தில் நிலம் இருந்தால் கூடுதல் எச்சரிக்கை. அந்த ஒப்பந்தத்தை நீங்கள் ஏற்றுக்கொள்ளாவிட்டால் அதுவரை வாங்கிய பணத்தை வட்டியோடு திருப்பிக் கட்டச் சொல்வார்கள். யார் கட்டுவது என்பதை விற்பனை ஒப்பந்தத்தில் எழுதாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

2. கிரீன் கார்டு இல்லாதவர்கள் இங்கே நின்று படியுங்கள்

குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர் எஃப்எஸ்ஏ கணக்கில் "வெளிநாட்டு நபர்". எச்1பி விசாவில் இருபது ஆண்டாக வரி கட்டிக்கொண்டிருந்தாலும் அப்படித்தான். நிலம், முதலீடு, கணிசமான உடலுழைப்பு மூன்றையும் தாமே தருபவராக இருந்தால் மட்டுமே அவருக்குப் பயிர் மானியம். கணிசம் என்றால் ஆண்டுக்கு 1,000 மணி நேரம், அல்லது அந்த விவசாயத்துக்குத் தேவைப்படும் மொத்த உழைப்பு நேரத்தில் பாதி, இரண்டில் எது குறைவோ அது. எச்1பியில் இருப்பவர் இவ்வளவு நேரம் வயலில் உழைத்ததாக ஒரு மத்திய அரசுப் படிவத்தில் எழுதிக் கையெழுத்திட்டால், குடியேற்ற அலுவலகத்துக்கு அது வேறு கதையாகப் படும். நம் யோசனை: கிரீன் கார்டு வரும்வரை மானியத்தை மறந்துவிடுங்கள். இல்லை, வேண்டும்தான் என்றால் குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்காமல் பேனாவை எடுக்காதீர்கள்.

எல்எல்சி என்ற வகை நிறுவனம் வைத்து வாங்கினாலும் இந்தக் கட்டுப்பாடு மறையாது. வெளிநாட்டு நபர்களின் பங்கு 10 சதவீதத்துக்கு மேல் போனால் அந்த நிறுவனமே தகுதி இழக்கும். குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ள பங்குதாரர்களின் விகிதத்துக்கு மட்டும் பணம் தரும்படி விண்ணப்பிக்கலாம்.

மானியம் வேண்டாம் என்று விட்டவருக்கும் ஒரு கடமை பாக்கி இருக்கிறது, பலருக்கும் தெரியாதது இதுதான். வெளிநாட்டு நபர் விவசாய நிலம் வாங்கினால் 90 நாளுக்குள் எஃப்எஸ்ஏ-153 படிவத்தில் தெரிவிக்க வேண்டும். 10 ஆண்டோ அதற்கு மேலோ குத்தகைக்கு எடுத்தாலும் இதே விதி. தவறினால் நிலத்தின் சந்தை மதிப்பில் 25 சதவீதம் வரை அபராதம் போடலாம். 4 லட்சம் டாலர் நிலத்துக்கு அது 1 லட்சம் டாலர் வரை போகும். 10 ஏக்கருக்கு உட்பட்டு, ஆண்டு விற்பனை வரவு 1,000 டாலரைத் தாண்டாத நிலத்துக்கு விலக்கு உண்டு. பிற்பாடு கிரீன் கார்டு கிடைத்தால் அந்த மாற்றத்தையும் 90 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். அயோவா போன்ற சில மாநிலங்கள் வெளிநாட்டவர் விவசாய நிலம் வாங்குவதற்கே தனிக் கட்டுப்பாடு வைத்திருக்கின்றன. அதைப் பத்திரத்துக்கு முன்பே வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

3. அலுவலகத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள்

கோர்ட் ஹவுஸில் பத்திரம் பதிவானால் எஃப்எஸ்ஏவுக்குத் தானாகத் தெரியாது. நீங்கள் கொண்டுபோய்க் கொடுக்கும்வரை அவர்கள் கணினியில் பழைய உரிமையாளர்தான் இருப்பார்.

ஃபார்மர்ஸ் டாட் கவ் தளத்தில் உங்கள் கவுன்ட்டியின் சேவை மையத்தைத் தேடி, போனில் நேரம் வாங்கிக்கொண்டு போங்கள். மார்ச் மாதமும் ஜூலை முதல் பாதியும் அவர்களுக்குத் தலைபோகிற வேலை. அந்த வாரங்களில் புதிய வாடிக்கையாளரை உட்காரவைத்து விளக்க ஆள் இருக்காது. வாங்கியது கோடையில் என்றால், பண்ணையைப் பிரிக்க வேண்டியிருந்தாலொழிய, ஆகஸ்டில் போவது நல்லது. இன்னொன்று: உங்கள் பண்ணையின் நிர்வாகக் கவுன்ட்டி நிலம் இருக்கும் கவுன்ட்டியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பழைய உரிமையாளர் பக்கத்துக் கவுன்ட்டி அலுவலகத்தில் கணக்கு வைத்திருந்தால் ஃபைலும் அங்கேதான் இருக்கும்.

எடுத்துப்போக வேண்டியவை:

ஓட்டுநர் உரிமம், சோஷியல் செக்யூரிட்டி அட்டை. கிரீன் கார்டு இருந்தால் அது. பதிவு எண், பக்க எண்ணோடு கூடிய பத்திர நகல். குத்தகைக்கு விட்டிருந்தால் குத்தகை ஒப்பந்தம். வங்கிக் கணக்கு எண்ணும் ரூட்டிங் எண்ணும், எஸ்எஃப்-3881 என்ற நேரடி வரவுப் படிவத்துக்காக. எல்எல்சி என்றால் மாநிலத்தில் பதிவு செய்த சான்று, இயக்க ஒப்பந்தம், வரித் துறையான ஐஆர்எஸ் தந்த இஐஎன் (நிறுவன வரி எண்) கடிதம், யார் கையெழுத்துப் போடலாம் என்பதற்கான ஆதாரம்.

பதிவுக்குக் கட்டணம் இல்லை. மானியம் வாங்கித் தருகிறேன் என்று காசு கேட்பவரிடம் ஏமாறாதீர்கள். இந்தப் படிவங்கள் எல்லாமே இலவசம்.

தமிழர்களுக்கென்றே உள்ள ஒரு பொறி பெயர். சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் அப்பா பெயர் கடைசிப் பெயராக இருக்கும். பத்திரத்தில் இனிஷியல் மட்டும் இருக்கும். வரித் தாக்கலில் பெயர் முன்பின்னாக மாறியிருக்கும். எஃப்எஸ்ஏ உங்கள் பெயரையும் எண்ணையும் ஐஆர்எஸ்ஸோடு ஒத்துப்பார்க்கிறது. எழுத்து தவறினால் கணினி திருப்பி அனுப்பும், பணம் நிற்கும், அது நின்றிருப்பதே உங்களுக்குப் பல மாதம் தெரியாது. முதல் நாளே வரித் தாக்கலில் உள்ள பெயரை எழுத்துப் பிசகாமல் கொடுங்கள். பத்திரத்தில் வேறு மாதிரி இருந்தால் இரண்டும் ஒருவரே என்பதற்கு நோட்டரி உறுதிமொழி ஒன்றை ஃபைலில் சேருங்கள். அதேபோல் பத்திரம் எல்எல்சி பெயரில் இருந்து, எஃப்எஸ்ஏ பதிவு உங்கள் தனி எண்ணில் இருந்தாலும் சிக்கல்தான்.

தொலைவில் இருப்பவர்கள் எஃப்எஸ்ஏ-211 என்ற அதிகாரப் பத்திரம் மூலம் உறவினரையோ பண்ணை மேலாளரையோ நியமிக்கலாம். நோட்டரி முன்போ எஃப்எஸ்ஏ ஊழியர் முன்போ கையெழுத்திட வேண்டும். ஊரில் வக்கீல் எழுதித் தந்த பொது அதிகாரப் பத்திரத்தை நீட்டினால், சரிபார்க்க வேண்டும் என்று மேலே அனுப்பிவிடுவார்கள், நாள் போகும்.

ஒவ்வொரு முறை போய்விட்டு வரும்போதும் "ரிசீட் ஃபார் சர்வீஸ்" கேட்டு வாங்குங்கள். என்ன கேட்டீர்கள், என்ன சொன்னார்கள், என்ன கொடுத்தீர்கள் என்பதைத் தேதியோடு எழுதித் தரும் துண்டு அது. ஊழியர் தவறாகச் சொன்னதை நம்பி ஒரு கெடுவைத் தவறவிட்டால், நிவாரணம் கேட்க அந்தத் துண்டுதான் கையில் இருக்கும் ஒரே ஆதாரம். வெட்கப்பட வேண்டியதில்லை, அதற்கென்றே படிவம் வைத்திருக்கிறார்கள்.

4. குத்தகையை எப்படி எழுதியிருக்கிறீர்கள்?

நிலத்தைச் சொந்தமாக உழுபவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். குத்தகைக்கு விட்டவர்களுக்கு இதுதான் முக்கியமான பகுதி.

ஏக்கருக்கு இவ்வளவு டாலர் என்று ரொக்கக் குத்தகைக்கு விட்டால் மானியம் முழுவதும் குத்தகைதாரருக்கே. நிலச் சொந்தக்காரருக்கு ஒரு காசும் கிடையாது. பயிரில் நட்டம் வந்தால் தாங்குகிறவருக்குத்தான் பணம் என்பது அடிப்படை விதி. வாரக் குத்தகை, அதாவது விளைச்சலில் மூன்றில் ஒன்று உங்களுக்கு, இரண்டு அவருக்கு என்று பங்கு போட்டால் மானியமும் அதே விகிதத்தில் பிரியும்.

"ரொக்கமாகத் தா, மானியத்திலும் பாதி தா" என்று எழுதினால் அது எஃப்எஸ்ஏ கண்ணில் என்ன குத்தகை என்பதே கேள்வியாகிவிடும். அதைவிட, குத்தகைத் தொகையைப் பேசும்போதே மானியம் அவருக்குப் போகிறது என்பதை மனதில் வைத்து விலை பேசுங்கள். மகசூலுக்கேற்பக் கூடிக் குறையும் குத்தகை எழுதியிருந்தால், கையெழுத்துக்கு முன்பே ஒப்பந்தத்தைக் கவுன்ட்டி அலுவலகத்தில் காட்டி ரொக்கமா வாரமா என்று கேட்டுவிடுங்கள். வாய்மொழிக் குத்தகை கிராமப்புற அமெரிக்காவில் இன்றும் சகஜம். ஆனால் தகராறு வந்தால் புதிதாக வந்தவர் சொல் எடுபடுவது கடினம். எழுத்தில் வையுங்கள்.

மானியத்தை ஒதுக்கிவிட்டு ரொக்கக் குத்தகையே போதும் என்றால், அதுவும் நல்ல முடிவே. இனி வரும் படிவ வேலை பெரும்பாலும் குத்தகைதாரருடையது. உங்கள் பத்திரத்தைப் பதிவு செய்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம்.

5. தகுதிப் படிவங்கள்

இவற்றில் ஒன்று குறைந்தாலும் பணம் வராது.

சிசிசி-902: நீங்கள் விவசாயத்துக்கு என்ன தருகிறீர்கள் என்ற திட்டம். நிலம், முதல், கருவி இவற்றில் ஏதோ ஒன்றோடு, உழைப்போ நிர்வாகமோ தர வேண்டும். வாரக் குத்தகைக்கு விட்ட நிலச் சொந்தக்காரருக்கு நிலம் தருவதே போதுமானதாகக் கருதப்படும். எல்எல்சி என்றால் சிசிசி-901இல் எல்லாப் பங்குதாரர் விவரமும் வேண்டும். ஒருவர் தராவிட்டால் அவர் பங்கு அளவுக்குப் பணம் குறையும்.

சிசிசி-941: வருமான வரம்பு. சராசரி சீர்செய்த மொத்த வருமானம் 9 லட்சம் டாலரைத் தாண்டக் கூடாது. எந்த ஆண்டுகள் என்பதில்தான் குழப்பம்: பயிர் ஆண்டுக்கு முந்தைய ஒரு ஆண்டை விட்டுவிட்டு அதற்கு முந்தைய மூன்று. 2026 பயிருக்கு 2022, 2023, 2024. உங்கள் வருமான விவரத்தை ஐஆர்எஸ் எஃப்எஸ்ஏவுக்குத் தெரிவிக்க இசைவு தரும் படிவம் இது. எல்எல்சியில் ஒவ்வொருவரும் தனித்தனியாகத் தர வேண்டும்.

ஏடி-1026: மண் அரிப்பு நிலம், ஈரநிலம் பற்றிய உறுதிமொழி. படிவம் சின்னது, ஆபத்து பெரியது. புதிதாக நிலம் வாங்கியவருக்கு முதலில் தோன்றுவது ஓரத்து மரங்களை வெட்டிச் சமன்படுத்துவது, தேங்கும் இடத்தில் வாய்க்கால் வெட்டி வடிப்பது. அங்கேதான் மாட்டுவார்கள். ஈரநிலத்தைப் பயிருக்காக வடித்துவிட்டால், அந்த இடத்துக்கு மட்டுமின்றி, நாட்டில் எங்கு உங்களுக்கு நிலம் இருந்தாலும் மானியம் நிற்கும், பயிர்க் காப்பீட்டு பிரீமியச் சலுகையும் போகும். புல்டோசரைக் கூப்பிடும் முன் ஏடி-1026இல் "செய்யப்போகிறேன்" என்று குறித்துக் கொடுங்கள். அதே கட்டடத்தில் உள்ள மண்வளத் துறை ஆள் வந்து பார்த்துத் தீர்ப்பு எழுதுவார். மாதக்கணக்கில் ஆகலாம், பொறுங்கள். காப்பீட்டுச் சலுகை வேண்டுபவர் ஜூன் 1க்குள் இந்தப் படிவத்தைக் கொடுத்திருக்க வேண்டும்.

6. ஏஆர்சியா, பிஎல்சியா?

பிஎல்சி விலைக்கானது. நாட்டின் சராசரிச் சந்தை விலை, சட்டம் வைத்த ஆதார விலைக்குக் கீழே போனால் வித்தியாசத்தைத் தரும். 2025 பயிர் முதல் சட்டத்தில் உள்ள ஆதார விலை புஷல் என்ற தானிய அளவுக்கு மக்காச்சோளம் 4.10, சோயா 10.00, கோதுமை 6.35 டாலர். சந்தை சில ஆண்டு உயரத்தில் நின்றால் இது ஓரளவு மேலேயும் ஏறும்.

ஏஆர்சி வருவாய்க்கானது. கவுன்ட்டி சராசரி மகசூலையும் விலையையும் பெருக்கி வரும் வருவாய், வழக்கமானதில் 90 சதவீதத்துக்குக் கீழே போனால் தரும். உச்சம் வழக்கமான வருவாயில் 12 சதவீதம். கவனியுங்கள், இது கவுன்ட்டி மகசூல். ஆலங்கட்டி மழை உங்கள் வயலை மட்டும் அடித்துப் போட்டால் ஏஆர்சி கண்ணுக்கு அது தெரியாது. அதற்குத்தான் காப்பீடு. தனிப்பண்ணை அளவிலான ஏஆர்சி ஒன்றும் உண்டு, ஆனால் அது பேஸில் 65 சதவீதத்துக்கு மட்டும் என்பதால் புதியவர்களுக்குப் பெரும்பாலும் உதவாது.

பயிருக்குப் பயிர் வேறு தேர்வு வைக்கலாம். விலை விழும் என்ற பயம் பெரிதாக இருந்தால் பிஎல்சி. விலை நின்றாலும் வறட்சி கவுன்ட்டி முழுவதையும் வாட்டக்கூடிய இடமென்றால் ஏஆர்சி. 2025 பயிருக்கு மட்டும் இரண்டில் எது கூடுதலோ அதைத் தானாகத் தரும்படி சட்டம் எழுதப்பட்டது. அதை நம்பி அடுத்த ஆண்டும் சும்மா இருந்துவிடாதீர்கள்.

தேர்வும் ஒப்பந்தமும் இரண்டு வேறு காரியம். தேர்வுக்கு, பண்ணையில் பங்குள்ள அத்தனை பேரும் கையெழுத்துப் போட வேண்டும். பழைய தேர்வு அடுத்த ஆண்டுக்குத் தொடரக்கூடும். ஒப்பந்தம் தொடராது என்றே வைத்துக்கொண்டு, ஆண்டுதோறும் சிசிசி-861இல் கையெழுத்து ஆனதா என்று கேளுங்கள். கெடு வழக்கமாக மார்ச் 15. 2025இல் ஏப்ரல் 15 ஆயிற்று. ஆண்டுக்காண்டு மாறுவதால் ஜனவரியிலேயே அலுவலகத்தின் மின்னஞ்சல் பட்டியலில் சேர்ந்துவிடுங்கள்.

7. விதைத்த கணக்கைக் கொடுங்கள்

மானியம் பேஸுக்குத்தானே, விதைத்ததை ஏன் சொல்ல வேண்டும் என்று தோன்றும். சொல்லாவிட்டால் பணம் வராது, அவ்வளவுதான். பண்ணையின் பயிர்நிலம் முழுவதற்கும் எஃப்எஸ்ஏ-578 அறிக்கை தர வேண்டும். சும்மா கிடக்கும் நிலமும் இதில் சேரும். மிட்வெஸ்டில் மக்காச்சோளம், சோயாவுக்கு ஜூலை 15. இலையுதிர் காலத்தில் விதைக்கும் கோதுமைக்கு வேறு தேதி, டெக்சாஸில் வேறு தேதி. அலுவலகம் தரும் வரைபடத்தில் வயல் வாரியாகப் பயிர், ஏக்கர், விதைத்த தேதி, தானியத்துக்கா தீவனத்துக்கா, பாசனம் உண்டா, யாருக்கு எத்தனை பங்கு என்று குறிக்க வேண்டும். விதைப்புக்குப் போகும்போதே ஒரு நோட்டில் தேதியை எழுதிவைத்தால் ஜூலையில் தலையைச் சொறிய வேண்டியதில்லை. தாமதமானால் ஆய்வுக் கட்டணம் கட்டி, பயிர் வயலில் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டுமே ஏற்பார்கள். மழையால் விதைக்கவே முடியவில்லை என்றால் கடைசி விதைப்புத் தேதியிலிருந்து 15 நாளுக்குள் சிசிசி-576 கொடுங்கள்.

காய்கறி ஆசை உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. கத்தரி, வெண்டை, பாகல் போட்டு இந்தியக் கடைகளுக்கு விற்கலாம் என்று நினைப்பீர்கள். போடலாம், ஆனால் பேஸ் ஏக்கரில் 15 சதவீதத்துக்கு மேல் பழமோ காய்கறியோ போனால், கூடுதலாகப் போன ஒவ்வொரு ஏக்கருக்கும் மானிய ஏக்கர் ஒன்று குறையும். 100 பேஸில் 25 ஏக்கர் காய்கறி என்றால் 10 ஏக்கர் வெட்டு. பாசிப்பயறுக்கு இந்த வெட்டு இல்லை, சட்டமே விலக்கு தந்திருக்கிறது. கடலையும் கொண்டைக்கடலையும் மைசூர்ப்பருப்பும் மானியப் பயிர்களே. காய்கறிக்கு வழக்கமான காப்பீடு கிடைக்காத கவுன்ட்டியில், அதற்குப் பதிலாக எஃப்எஸ்ஏ தரும் நேப் என்ற திட்டத்தைக் கேளுங்கள். கட்டணம் பயிருக்கு 325 டாலர், ஒரு கவுன்ட்டியில் அதிகபட்சம் 825. சிசிசி-860 கொடுத்த புதிய விவசாயிக்கு அந்தக் கட்டணமும் இல்லை. விண்ணப்பக் கெடு விதைப்புக்கு முன்பே முடிந்துவிடும். கையால் பறிக்கும் பயிருக்குச் சேதம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும்.

8. எவ்வளவு, எப்போது?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மக்காச்சோள பேஸ் 100 ஏக்கர், பிஎல்சி மகசூல் 140 புஷல், விலை வித்தியாசம் 30 சென்ட் என்று வையுங்கள். பணம் பேஸில் 85 சதவீதத்துக்குத்தான். 85 × 140 × 0.30 = 3,570 டாலர். இதில் மத்திய அரசின் பட்ஜெட் வெட்டு 5.7 சதவீதம் போக, கைக்கு 3,366 டாலர் சொச்சம். விளைச்சலில் மூன்றில் ஒரு பங்குக்கு வாரத்துக்கு விட்ட நிலச் சொந்தக்காரர் என்றால் 1,122. இதை நம்பி நிலத்துக்கான பாங்குத் தவணையைத் திட்டமிடாதீர்கள். விலை நன்றாக இருந்த ஆண்டில் பூஜ்யம்தான் வரும். ஒருவருக்கு ஆண்டு உச்ச வரம்பு 2025 பயிரிலிருந்து 1,55,000 டாலர். புதியவர்கள் அதைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை.

காலம்தான் பலரைக் குழப்புகிறது. மக்காச்சோளத்தின் சந்தை ஆண்டு செப்டம்பரில் தொடங்கி அடுத்த ஆகஸ்டில் முடியும். அது முடிந்து சராசரி விலை தெரிந்த பிறகே கணக்கு. ஆக, 2025 வசந்தத்தில் விதைத்த பயிருக்கு 2026 அக்டோபரில்தான் பணம் கிடைக்கும். இடையில் நிலத்தை விற்றாலும் அந்தப் பயிர் ஆண்டில் ஒப்பந்தத்தில் பங்கு வைத்திருந்தவருக்குத்தான் அது சேரும். விற்கும்போது இதை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

9. மறுப்புக் கடிதம் வந்தால், வரி வந்தால்

மறுப்பு எப்போதும் எழுத்தில் வரும், மேல்முறையீட்டு வழியும் அதிலேயே இருக்கும். கிடைத்த நாளிலிருந்து 30 நாள். முதலில் கவுன்ட்டிக் குழுவிடம் மறுபரிசீலனை கேட்கலாம். அந்தப் பகுதி விவசாயிகளே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த குழு அது, நேரில் போய்ப் பேசினால் காதுகொடுத்துக் கேட்பார்கள். மாநிலக் குழு, சமரசம், தேசிய மேல்முறையீட்டுப் பிரிவு என்று மேலும் வழிகள் உண்டு. போனில் "பார்க்கிறோம்" என்று சொன்னதை நம்பி 30 நாளைக் கடத்திவிடாதீர்கள். கடிதமாகக் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள்.

வந்த பணத்துக்கு வரி உண்டு. ஜனவரியில் 1099-ஜி என்ற வருமானத் தாள் வரும். வரித் தாக்கலில் சொந்தமாக உழுபவர் ஷெட்யூல் எஃப், உழைப்பில் ஈடுபடாமல் வாரத்துக்கு விட்ட நிலச் சொந்தக்காரர் ஃபார்ம் 4835 என்பது பொதுவான வழி. ஐடி வேலைக்காரர்களுக்கு மட்டும் வரி போட்டுத் தரும் ஆடிட்டருக்கு இவை பழக்கமில்லாமல் இருக்கலாம், முன்கூட்டியே கேளுங்கள். மானியம் வாங்கியவர் பெயரும் தொகையும் பொதுத் தகவல் என்பதையும் அறிந்திருங்கள். பக்கத்து நிலத்துக்காரர் தேடிப்பார்க்க முடியும், பார்ப்பார்கள்.

வீடு மாறினால் எஃப்எஸ்ஏவுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். ஐஆர்எஸ்ஸுக்கோ தபால் நிலையத்துக்கோ சொன்னது அவர்களுக்குப் போய்ச் சேராது. 1099 மட்டுமல்ல, அந்த 30 நாள் கடிதமும் பழைய முகவரிக்கே போகும்.